தெய்வாத்தாள் பாஸ் செய்த கல்யாணம்

"கொஞ்சம் அசையாம நில்லுங்" என்றார் தெய்வாத்தாள்.

ஏசி வசதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்து மேனேஜர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். பல்லியோ பூரானோ மேலே ஊர்கிறது என்று நினைத்திருப்பார். தெய்வாத்தாள் இடுப்பிலிருந்து ஒரு குட்டிக் கத்தரியை உருவி அவருடைய தொண்டைக்குழிக்குக் கீழே கொண்டுபோனார். 'டிக்' என்றது. சட்டைக் காலரிலிருந்து ஒரு நூல் அந்தம்மா கைக்கு வந்தது.

"பிசிறு. கையில புடிச்சு இழுத்தீங்கன்னா தையலு பூராப் பிரிஞ்சு வந்துருமுங். இழுக்கப்படாது, வெட்டோணும். இப்பச் சொல்லுங், மண்டபத்துல எத்தன பேரு கொள்ளும்?"

மேனேஜர் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எண்ணூறு பேரு சேர்லயே உக்காரலாமுங்க."

"எங்குளுக்கு அம்பது பேருதானுங்."

"பந்திக்கு அம்பதுங்களா?"

"கண்ணாலத்துக்கே அம்பதுதானுங்."

"அம்பது பேரு எங்க மண்டபத்துல கைகழுவற எடத்துக்கே பத்தாதுங்களே" என்றார் அவர், உண்மையாகவே வருத்தப்பட்டு.

வெளியே வந்து என் எக்ஸெல் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டே தெய்வாத்தாள் தீர்ப்புச் சொன்னார்: "வேண்டாமுங் மாஸ்டரு. நம்ம கண்ணாலத்துக்கு இது லூசு. தோள்ல நிக்காது."

வீரபாண்டியில் நாங்கள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் தெய்வாத்தாள் செக்கிங் சூப்பர்வைசர். நான் அயர்ன் டேபிள். தைத்து வருகிற பீஸ் எதுவும் அந்தம்மாவின் மேஜையைத் தாண்டாமல் என் மேஜைக்கு வராது. பல வருசமாக அவர் விட்டதைத்தான் நான் தேய்க்கிறேன். அதனால் அந்தம்மாவைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. படிப்பு கம்மி, சொல்வதில் முன்னே பின்னே இருக்கும். அதற்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்.

ஆள் ஒல்லி, நல்ல உயரம். கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும்; எப்படி விழாமல் நிற்கிறது என்று கம்பெனியில் பந்தயமே உண்டு. சேலைக்கு மேல் கம்பெனி கோட்டு. இடுப்பில் நாடா கட்டித் தொங்கும் நூல் வெட்டுகிற கத்தரி. டிரிம்மர் என்போம். கோட்டைக் கழற்றினாலும் டிரிம்மர் கழலாது. சாயந்திரம் பஸ்ஸில் போகும்போது முன் சீட்டுக்காரர் தோளில் நூல் கிடந்தால் எடுத்துவிடுவார். சட்டையில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கேட்காமலே வெட்டுவார். ஒரு தடவை கண்டக்டர் சத்தம் போட்டார். சத்தம் போட்டு முடிப்பதற்குள் அவருடைய பாக்கெட் மூலையும் சுத்தமாகிவிட்டது.

எந்தப் பீஸ் வந்தாலும் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புவார். தோள் தையலை இரண்டு கையாலும் இரண்டு இழுப்பு இழுப்பார். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்ப்பார். பிறகுதான் மேல்பக்கம். "வெளிய பாத்தா எல்லாப் பீஸும் நல்ல பீஸுதானுங்" என்பார். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். ஆரோ என்று அதற்குப் பேர். அந்த அழுத்தில் டெய்லர் அடுத்த லைனில் இருந்தே முதுகை நெளிப்பான்.

அந்த ஆரோ ஷீட் அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். வீட்டுச் சுவரில் பூச்சு உப்பிய இடத்தில் ஒரு ஆரோ. வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும்போது கண்ணில் படட்டும் என்று. சந்தையில் கத்தரிக்காய்க் கூடையில் சொத்தை ஒவ்வொன்றிலும் ஆரோ ஒட்டிக் காய்க்காரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தது சந்தையே பார்த்த கதை. வடக்கேயிருந்து வந்த பையன்களிடம் அவர் பேசும் இந்தி இரண்டே சொல். "தாகா காட்." நூலை வெட்டு என்று அர்த்தம். அதை வைத்தே திட்டுவார், சாப்பிட்டாயா என்பார், ஊருக்குப் போகிறவனை வழியும் அனுப்புவார். சொல்கிற தொனியில் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது.

மகள் அக்ஷரா வேறொரு ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறது. மாப்பிள்ளை பிரதீப், காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிற பையன். இரண்டும் தாமே பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே இனம்தான், அதனால் சண்டை இல்லை. அக்ஷரா ஒன்றே ஒன்றுதான் கேட்டது: ஐம்பது பேரோடு கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் ஐம்பது பேர் என்பது ஒரு பந்திக்கே காணாது. காது குத்துக்கே ஊர் வரும். தெய்வாத்தாள் முதல் நாள் அழுதார். அடுத்த நாள் பிள்ளைக்குப் பைத்தியம் என்றார். அதற்கடுத்த நாள், செய்யலாம், ஆனால் முறையாகச் செய்ய வேண்டும் என்று டிரிம்மரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளைப் பையன் முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று நானும் இருந்தேன். காப்பி கொடுத்தார். குடித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங் தம்பி. திரும்புங். கையத் தூக்குங்."

பையன் என்ன ஏது என்று கேட்காமல் கையைத் தூக்கினான். அக்ஷரா தலையில் கை வைத்துக்கொண்டது. தெய்வாத்தாள் அக்குள் தையலைப் பார்த்து, முதுகைப் பார்த்து, முன்னால் வந்து ஒரு பட்டனில் விரல் வைத்தார்.

"இது ஆரு வெச்சது?"

"நாந்தானுங்க அத்தை."

"நூலு கலரு மாறியிருக்குதே?"

"வெள்ள நூலு தீந்துபோச்சுங்க. மில்லு மூட்ட தைக்கற நூலுதான் இருந்துச்சு."

பட்டனைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தார். பையனே அரை அடி முன்னால் வந்தான், பட்டன் வரவில்லை. அவன் போன பிறகு எங்கள் கம்பெனியின் இன்னொரு செக்கிங்காரர் சபுரா பீவி, "பையன் எப்படி?" என்று கேட்டார்.

"கலரு மிஸ்டேக்கு" என்றார் தெய்வாத்தாள். "முடிச்சு கெட்டியாப் போடறான்."

சபுரா பீவி எங்கள் ஊர் ராயபுரத்துக்காரர். தெய்வாத்தாளுக்கு எதிர் ஸ்டூல். எத்தனையோ லட்சம் பனியன்களை இரண்டு பேரும் ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே புரட்டியிருக்கிறார்கள். தெய்வாத்தாளை 'தெய்வா' என்று கூப்பிட்டு, திருப்பியும் பேசுகிற ஒரே ஆள். அவர்கள் இருவரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஐம்பது பேரைப் பொறுக்கினார்கள். எங்கள் தொழிலில் பீஸ் மூன்று ரகமாகப் பிரியும். நல்லது ஏற்றுமதிக்கு. சின்னக் குறை உள்ளது செகண்ட்ஸ், உள்ளூரில் விற்கும். மீதி ரிஜெக்ட். சொந்தக்காரர்களும் அதே மூன்றாகப் பிரிந்தார்கள்.

"உங்க சின்ன நாத்தனா?" என்று சபுரா பீவி கேட்பார், தயிர் சோற்றைப் பிசைந்தபடி.

"செகண்ட்ஸு. ஊட்டுக்குள்ள போட்டுக்கலாம். வெளிய போட்டா மானம் போயிரும்."

"தாராபுரத்து மச்சான்?"

"அவுரு தொவச்சாச் சாயம் போற ஆளு. ரிஜெக்ட்டு."

"நம்ம அயர்ன் மாஸ்டரு?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டேன்.

"சுருக்கம் நெறையா இருக்குது. தேச்சா நேராகும். சேத்திக்குங்" என்றார் தெய்வாத்தாள்.

"செரி தெய்வா. உன்னைய எதுல போடறது?"

சும்மா கேட்டதுதான். தெய்வாத்தாள் டிபன் மூடியை மூடினார்.

"என்னைய எதுக்குங் எண்ணறீங்? நான் அன்னைக்குச் சமையக்கட்டுல இருந்துக்குவேன்."

அதற்குப் பிறகு அன்றைக்கு யாரையும் பிரிக்கவில்லை.

அந்தம்மாவின் புருசன் வெள்ளையன் சாயப்பட்டறை லாரி ஓட்டியவர். அக்ஷரா காலேஜ் போன வருசத்தில் மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் புருசனை இழந்த பெண் முகூர்த்த நேரத்தில் மணவறைப் பக்கம் வருவதில்லை. தாலியைத் தொடுவதில்லை. வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமே வராது, அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள். ஊரில் யார் பீஸையும் விடாத தெய்வாத்தாள் தன்னை மட்டும் பார்க்காமலே எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருந்தார்.

இதில் புருசனின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி வேறு, காரில் வந்து இறங்கினார். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் ஆரம்பித்து, இன்று சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். நல்ல மனுசன்தான். சத்தமாகப் பேசினால்தான் நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்.

"அம்பது பேருக்குக் கண்ணாலமா? ஏனம்மணி, எங்கூட்டு நாய்க்குட்டிக்குப் பேரு வெச்சாக்கூட நூறு பேரு வருவான். வெள்ளையன் இல்லைன்னா என்ன, நான் செத்தா போயிட்டேன்? நம்ம ரோட்டு மேல இருக்கற மகால எடுத்துப்போடறேன். ஆயிரம் பேரு வரட்டும். தாரை வாத்துக் குடுக்க நானும் உங்கக்காளும் உக்காந்துக்கறோம். நீ ஒண்ணுக்கும் முன்னால வர வேண்டியதில்ல, நிம்மதியா இரு."

"ஆகட்டுங் மாமா" என்றார் தெய்வாத்தாள். அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். ஆரோ ஒட்டுகிற குரல் இல்லை அது.

"ஆகாதுங் பெரியப்பா" என்றது உள்ளேயிருந்து அக்ஷரா.

காப்பித் தம்ளரோடு வந்து நின்று, சத்தம் போடாமல் பேசியது. "அம்பதுதானுங் பெரியப்பா. அதுல நீங்க, பெரியம்மா, அண்ணன் எல்லாரும் உண்டு. தாரை நீங்களே வாத்துக் குடுங், எனக்குச் சந்தோசம். ஆனா தாலி கட்டறப்ப எங்கம்மா என்ற பக்கத்துல நிக்கோணும். நிக்கலைன்னா சொல்லீருங், நானும் பிரதீப்பும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிக்கறோம்."

ஈஸ்வரமூர்த்தி தம்ளரை வாங்கி ஒரே மடக்காகக் குடித்தார். சூடு. கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினாலா, கோபத்தினாலா என்று நான் ஆராயவில்லை. "உங்கொப்பன் புடிவாதம் அப்படியே" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் அக்ஷராவைக் கேட்டேன்: "ஏங் கண்ணு, ஆயிரம் பேரு வந்தாலும் அம்மா நிக்கலாம்ல? இதுக்கும் அம்பதுக்கும் என்ன?"

"பெரியப்பா ஊட்டு அண்ணன் கண்ணாலத்துல அம்மாவத் தேடுனேனுங் மாமா. தூணுக்குப் பின்னால, சாப்பாட்டு ஹாலு கதவுகிட்ட நிக்குது. தாலி கட்டறதையே பாக்கல. ஜமுக்காளத்துல நூலு புடுங்கிட்டிருக்குது. ஆயிரம் பேரு வந்தா ஆயிரம் வாயி. ஒவ்வொரு வாய்க்கும் நான் எங்க போறது? அம்பதுன்னா ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் போயிப் பேசீரலாம். பேசிட்டு வந்துட்டேன். எங்கம்மா முன்னால நின்னா உங்களுக்குச் சங்கடமான்னு நேராவே கேட்டேன். இல்லைன்னு சொன்னவங்களத்தான் எடுத்திருக்கறேன்."

அப்புறம் மெதுவாகச் சிரித்தது. "அம்மா பிரிச்சதெல்லாம் சும்மா மாமா. நான் மறுபடியும் செக்கிங் போட்டுட்டேன். அந்தத் தாராபுரத்து மாமன் பாஸாயிட்டாரு."

நான் வண்டியை உதைத்துக் கிளப்பினேன். முதல் உதையில் கிளம்பியது. அது எப்போதும் நடக்கிற காரியம் இல்லை.

சாப்பாட்டு விசயத்தில் தெய்வாத்தாள் யார் பேச்சையும் கேட்கவில்லை. பெரிய ஆர்டர் தைப்பதற்கு முன்னால் சாம்பிள் தைத்து ஓகே வாங்குவது எங்கள் தொழில் வழக்கம். அதே மாதிரி சமையல்காரர் மகுடேஸ்வரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்துச் சாம்பிள் விருந்து வைத்தார். இலைக்கு முன்னால் நானும் சபுரா பீவியும். தெய்வாத்தாள் நின்றுகொண்டே பார்த்தார். ரசத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பூசணிக்காய்ப் பொரியலை விரலால் நசுக்கினார். வடையைப் பிட்டு உள்பக்கம் திருப்பினார். கைப்பையைத் திறந்தார். நடு வடையில் ஆரோ ஒட்டி ஓர் அழுத்து.

மகுடேஸ்வரன் கரண்டியைக் கீழே வைத்தார். "முப்பது வருசமா அடுப்பு முன்னால நிக்கறனுங் அம்மணி. எவனும் வடைக்கு ஸ்டிக்கர் ஒட்டுனதில்ல."

"அதனாலதானுங் முப்பது வருசமா நடுவுல வேகாம இருக்குது."

"அட அல்லாவே, மாஸ்டரு ஆரோவோட சேத்தித் திங்கறாரு" என்றார் சபுரா பீவி. உண்மைதான். பசி. பாதி அம்பு உள்ளே போய்விட்டது.

கடைசியில் மண்டபமும் கிடைத்தது. காங்கேயம் ரோட்டில், தென்னந்தோப்புக்குள் ஒரு சின்ன அம்மன் கோயில். அதை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு கூடம். ஐம்பது பேர் உட்கார்ந்தால் கால் நீட்ட இடமிருக்காது. தெய்வாத்தாள் நான்கு மூலையும் நடந்து பார்த்து, "கச்சிதமா இருக்குது" என்றார். ஒன்றை மட்டும் அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் தூணே கிடையாது.

கல்யாணத்தன்று விடியும்போதே எல்லோரும் வந்துவிட்டார்கள். ஈஸ்வரமூர்த்தியும் வந்தார், வெள்ளை வேட்டியில், முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு. சீர்களை நடத்துகிற அருமைக்காரர் செங்கோட்டையன் பாக்கை மென்றுகொண்டே, "கூட்டம் கம்மி, சத்தம் கம்மி, எனக்குத் தொண்ட மிச்சம்" என்று உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டினார்கள். பிரதீப் அசையாமல் இருந்தான். தெய்வாத்தாளிடம் பழகியவனுக்கு அசையாமல் இருப்பது ஒரு வேலையா?

தெய்வாத்தாள் சந்தனக் கலர் சேலை. டிரிம்மர் கொண்டுவரக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. "செரி கண்ணு" என்று சொல்லியிருந்தார். பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்க்கும்வரை மகள் பக்கத்தில் நின்றார். அப்புறம் மேளம் வேகமெடுத்தது. நான் திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணோம்.

சமையற்கட்டுக்குப் போனேன். சபுரா பீவி அங்கே ஏற்கனவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உடுங் பீவிம்மா, பாயாசம் அடி புடிச்சுரும்."

"பாயாசத்த மகுடேஸ்வரன் பாத்துக்குவாரு. நீ வா. அங்க பொண்ணு கழுத்த ஒடிச்சு ஒடிச்சுத் தேடுது."

"நான் போயி நின்னு, நாளைக்கு அதுகளுக்கு ஒண்ணுன்னா?"

சபுரா பீவி விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் கடைசி வரிசையில் நிறுத்தினார். தெய்வாத்தாள் இடதுபுறம் பார்த்தார், வலதுபுறம் பார்த்தார். ஒதுங்க ஒரு தூண் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் பருமனான ஆள். ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

தாலித் தட்டு வந்தது. தேங்காய் மேல் மஞ்சள் கயிறும் தாலியும். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தொட்டு வாழ்த்திய பிறகுதான் அது மாப்பிள்ளை கைக்குப் போகும். தட்டை ஏந்தி வந்தவர் ஈஸ்வரமூர்த்தி. ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் தொட்டேன். சபுரா பீவி தொட்டார். அடுத்தது தெய்வாத்தாள். அவர் இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார். ஈஸ்வரமூர்த்தி அந்த இடத்தில் நின்றார். கடந்து போவதா, நீட்டுவதா என்று அவருக்கும் தெரியவில்லை. தட்டு காற்றில் நின்றது. மணவறையிலிருந்து அக்ஷரா பார்த்துக்கொண்டிருந்தது.

குனிந்த தலைக்கு நேராகத் தட்டு. மூக்கு நுனியில் கண்ணாடி. கயிற்றின் ஓரத்தில் ஒரு இழை முறுக்குப் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தது.

முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. அந்தக் கை யாரையும் கேட்கவில்லை, தெய்வாத்தாளையும் கேட்கவில்லை. கயிற்றை எடுத்தது. திருப்பிப் பின்பக்கம் பார்த்தது. இரண்டு முனையையும் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தது. இன்னொரு கை இடுப்பு மடிப்புக்குள் போய் டிரிம்மரோடு வந்தது.

டிக்.

தாலிக் கயிற்றில் கத்தரி. கூடத்தில் ஐம்பது பேர் மூச்சும் நின்றது. மேளக்காரர் ஓங்கிய குச்சியை இறக்கவில்லை. செங்கோட்டையன் பாக்கு மெல்லுவதை நிறுத்தினார். தெய்வாத்தாளுக்கு அப்போதுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"பிசிறு... நீட்டிட்டு இருந்துச்சுங் மாமா" என்றார். பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

ஈஸ்வரமூர்த்தி கயிற்றைப் பார்த்தார். பிசிறு போய், முனை நறுவிசாக இருந்தது. கட்டைவிரலால் ஒரு தடவை நீவினார். கைமடியிலிருந்து முதலாளி ஆனவரைக்கும், செக்கிங் மேஜை முன்னால் நின்று தினமும் கேட்கிற கேள்வி, அவர் யோசிப்பதற்கு முன்னால் வாய்க்கு வந்துவிட்டது.

"ஓகே ஆச்சா அம்மணி? அனுப்பீரலாமா?"

தெய்வாத்தாளுக்கும் வாய்க்கு வந்தது அதற்குரிய பதில்தான். "ஓகேங். அனுப்பீரலாமுங்."

முதலில் சிரித்தது தாராபுரத்து மச்சான். சாயம் போகிற ஆள் என்று சொன்னாரே, அவர். அப்புறம் கூடமே சிரித்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். பாஸ் ஆன பீஸை மறிக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. "அடிங்கப்பா மேளத்த" என்றார் செங்கோட்டையன். குச்சி இறங்கியது. தட்டு மணவறைக்குப் போனது. தாலி கட்டினான் பிரதீப். மூன்று முடிச்சும் அவனே, நாக்கைக் கடித்துக்கொண்டு.

கட்டி முடித்ததும் அக்ஷரா கழுத்தைத் திருப்பாமல் சத்தமாகக் கூப்பிட்டது. "அம்மா. வந்து பாரு. முடிச்சு செரியா இருக்குதான்னு நீயே பாத்துச் சொல்லு."

தெய்வாத்தாள் ஐம்பது பேருக்கு நடுவில் நடந்து போனார். பெரிய கூடமாக இருந்தால் போய்ச் சேர்வதற்குள் மனசு மாறியிருக்கும். இது நான்கு எட்டு. மகளுக்குப் பின்னால் நின்று சடையை ஒதுக்கினார். முடிச்சில் விரல் வைத்து இரண்டு இழுப்பு. பெண்ணோடு, கை கோத்திருந்த மாப்பிள்ளையும் சேர்ந்து பின்னால் சாய்ந்தான்.

"கெட்டியாத்தான் போட்டிருக்கறான்" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். அதில் ஏதோ தூசி போல, துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

பந்திக்கு இலை போட்டபோது கீழே இறங்கி வந்தார். சபுரா பீவி பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏ தெய்வா, தோள்ல நூலு."

வெட்டிய மஞ்சள் பிசிறு. சந்தனக் கலர் சேலையில் நன்றாகவே தெரிந்தது. தெய்வாத்தாள் தலையைத் திருப்பிப் பார்த்தார். எடுப்பதற்குக் கை போனது. பக்கத்தில் போய் நின்றது. பிறகு கட்டைவிரலால் அதன் மேல், ஆரோ ஒட்டுகிற மாதிரி, ஓர் அழுத்து அழுத்திவிட்டு, வடை வெந்திருக்கிறதா என்று பார்க்கப் போனார்.